தெரிந்த ஆங்கிலம் வாயில் வர: தமிழிலிருந்தே தொடங்கும் ஒரு பயிற்சி

"போஸ்ட்போன்" என்ற சொல்லை எங்கே படித்தாலும் பொருள் தெரியும். ஆனால் போனில் ஒருவரிடம் "கூட்டத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைக்கலாமா?" என்று கேட்க வேண்டிய நொடியில் அந்தச் சொல் வராது. "மீட்டிங்... ஃப்ரைடே... ஓகே?" என்று தட்டுத்தடுமாறி முடிந்துவிடும். போனை வைத்த அடுத்த நிமிடமே "கேன் வி போஸ்ட்போன் த மீட்டிங் டு ஃப்ரைடே?" என்று முழு வாக்கியமும் மனசுக்குள் வந்து நிற்கும்.

இந்த அனுபவம் உள்ளவர்கள் பெரும்பாலும் "எனக்கு வொக்கபுலரி பத்தாது" என்று முடிவு கட்டி, நாளைக்கு 20 புதுச் சொல் என்று மனப்பாடத்தில் இறங்குகிறார்கள். நோய் ஒன்று, மருந்து வேறு. படிக்கும்போது சொல் கண்முன்னே இருக்கிறது. பொருளை நினைவுபடுத்தினால் போதும். பேசும்போது பொருள்தான் இருக்கிறது. சொல்லைத் தேடி எடுத்து, சரியான இடத்தில் வைத்து, வாயையும் அசைக்க வேண்டும். எல்லாம் ஓரிரு நொடிக்குள். சொல்லிலிருந்து பொருளுக்குப் போகும் முதல் பாதையில் பள்ளிக்கூடம் நம்மைப் பத்து வருடம் நடக்க வைத்தது. இரண்டாவது பாதையில் நாம் நடந்ததே இல்லை. புல் மண்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

அன்றாடப் பேச்சுக்கு எத்தனை சொல் வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கில ஆசிரியர் 1953-ல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள்தான். 1959-ல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி, ஆங்கிலம் கற்கிறவர்களுக்காக மெதுவான வேகத்தில் செய்தி வாசிக்கத் தொடங்கியபோது வைத்துக்கொண்ட அடிப்படைச் சொற்கள் சுமார் 1500. உலகச் செய்திகளையே அதற்குள் சொல்லிவிட்டார்கள். பள்ளி முடித்த ஒருவருக்கு இந்தச் சொற்களில் பெரும்பகுதி பார்த்தால் தெரியும். ஆகவே வேலை புதுச் சொல் சேர்ப்பதில் தொடங்குவதில்லை. உள்ளே இருப்பதை வெளியே வரப் பழக்குவதில் தொடங்குகிறது.

அதற்கு ஆங்கிலப் பட்டியலைக் கையில் எடுக்காதீர்கள். நீங்கள் தினமும் தமிழில் என்ன பேசுகிறீர்கள் என்று பாருங்கள்.

மூன்று நாள், முப்பது வாக்கியம்

ஒரு நோட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். மூன்று நாளைக்கு இடது பக்கம் மட்டும் எழுதுங்கள்: அன்றைக்கு நீங்கள் தமிழில் உண்மையாகவே பேசிய வாக்கியங்கள், நாளைக்குப் பத்து. பேசிய மாதிரியே, கொச்சை உட்பட. "வர்ற வழியில இருக்கேன்." "அது என்கிட்ட இல்ல, அவர்கிட்ட கேட்டுப் பாருங்க." "இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு." "நான் அப்படிச் சொல்லவே இல்லையே." அழகான வாக்கியம் தேட வேண்டாம். மனிதர்கள் ஒரே நாற்பது, ஐம்பது வாக்கியங்களைத்தான் சின்னச் சின்ன மாற்றத்தோடு திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். மூன்றாம் நாளே அது உங்கள் நோட்டில் தெரிந்துவிடும்.

நான்காம் நாள் வலது பக்கம். முதலில் உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நீங்களே எழுதுங்கள், தப்பாக இருந்தாலும். பிறகு சரிபாருங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் போடுவதென்றால் வெறும் வாக்கியத்தைப் போடாமல், யார் யாரிடம் எந்தச் சூழலில் சொல்கிறார் என்பதையும் சேர்த்துக் கேட்கும் வசதி உள்ள செயலியைப் பயன்படுத்துங்கள். "முடிஞ்சிருச்சு" என்பது வேலையா, நேரமா, கையிருப்பா என்று அதற்குத் தெரியாது. வேலை என்றால் "இட்ஸ் டன்". நேரம் என்றால் "டைம்ஸ் அப்". கையிருப்பு என்றால் "வி ஹேவ் ரன் அவுட்". மூன்றும் மூன்று வேறு வாக்கியம்.

வந்த விடையை ஒரு கற்போர் அகராதியிலும் பாருங்கள். லாங்மன், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றுக்கும் இணையத்தில் இலவசப் பக்கம் உண்டு. நான் லாங்மன்னைப் பரிந்துரைப்பேன். அது 1978-ல் முதலில் வந்தபோதே எல்லாப் பொருள் விளக்கத்தையும் ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள் எழுதுவது என்று வரையறுத்துக்கொண்ட அகராதி. ஒரு கடினமான சொல்லை எளிய சொற்களில் எப்படிச் சுற்றி வளைத்துச் சொல்வது என்பதற்கு அதன் ஒவ்வொரு வரியும் பாடம். அந்தத் திறமை பின்னால் பெரிய உதவியாக வரும்.

"போடு" என்ற ஒரு சொல்லைப் பாருங்கள்

சொல்லுக்குச் சொல் பொருள் எழுதி மனப்பாடம் செய்வது ஏன் பேச்சுக்கு உதவுவதில்லை என்பதற்கு இந்த ஒரு வினை போதும். லைட்டைப் போடு, சட்டை போடு, பட்டன் போடு, கையெழுத்துப் போடு, போன் போடு, சண்டை போடு, தள்ளிப்போடு. "போடு என்றால் புட்" என்று மனதில் பதித்தவர் "புட் த லைட்", "புட் யுவர் சைன்" என்றுதான் சொல்வார்.

ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் தனி ஆள்: "டர்ன் ஆன் த லைட்", "புட் ஆன் யுவர் ஷர்ட்", "பட்டன் அப் யுவர் ஷர்ட்", "சைன் ஹியர்", "கிவ் மீ எ கால்", "தே ஹாட் எ ஃபைட்", "புட் இட் ஆஃப்". ஏழில் "புட்" வருவது இரண்டே இடத்தில், அதுவும் பின்னால் ஒரு வாலோடு. அந்த வால் மாறினால் பொருளே தலைகீழ். "புட் ஆன்" உடுத்துவது. "புட் ஆஃப்" தள்ளிப்போடுவது. "புட் அவுட்" அணைப்பது, அதுவும் தீயை.

இதனால்தான் சேமிக்க வேண்டிய அலகு தனிச் சொல் அல்ல, சொற்கோவை: அப்படியே சேர்ந்து வரும் சொற்களின் கூட்டம். மனப்பாடத்துக்கு எழுதி வைக்கும் சின்ன அட்டையில் "சைன்: கையெழுத்து" என்று எழுதாதீர்கள். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க: குட் யூ சைன் ஹியர், ப்ளீஸ்?" என்று எழுதுங்கள். அப்படியே எடுத்து அப்படியே பேசலாம். இலக்கணமும் உள்ளேயே இருக்கிறது. "சொல்", "எடு", "விடு", "பார்" நான்கையும் இதே மாதிரி ஒரு வாரம் அலசிப் பாருங்கள். "பார்" ஒன்றே "லுக் அட்", "வாட்ச்", "ஸீ", "செக்", "லுக் ஆஃப்டர்" என்று ஐந்தாகப் பிரியும்: ஒரு பொருளைப் பார்ப்பது, படம் பார்ப்பது, டாக்டரைப் பார்ப்பது, சரிபார்ப்பது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது.

நாளைக்கு ஐந்து, அதற்கு மேல் வேண்டாம்

ஒரு நாளைக்கு ஐந்து சொற்கோவை. வாரத்தில் ஆறு நாள். ஏழாம் நாள் புதிது எதுவும் கிடையாது, பழையது மட்டும். பன்னிரண்டு வாரத்தில் 360 ஆகிவிடும். குறைவாகத் தோன்றலாம். ஆனால் வாயில் தயாராக இருக்கிற 360 வாக்கியத்தோடு ஒருவர் ஒரு நாள் முழுவதையும் ஆங்கிலத்தில் கடத்திவிடலாம்.

மறதியைப் பற்றிக் கவலை வேண்டாம், அதற்கு ஏற்பாடு இருக்கிறது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885-லேயே, பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து எழுதினார். கற்ற முதல் நாளுக்குள்தான் மிக அதிகமாக வழுக்குகிறது. பிறகு வேகம் குறைகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிலைக்கிறது. இதை வைத்து 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற எழுத்தாளர், அட்டைகளைப் பெட்டிகளில் பிரித்து வைத்துப் படிக்கும் முறையைப் பரப்பினார். மூன்று பெட்டி போதும். முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவது வாரத்துக்கு ஒரு முறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தடுக்கியது முதல் பெட்டிக்கே திரும்பும். ஆங்க்கி என்ற அட்டைச் செயலி இதே வேலையைக் கணக்குப் போட்டுச் செய்து தரும்.

இந்த முறை பலருக்குப் பலிக்காமல் போவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அட்டையைத் திருப்பிப் பிடிப்பது. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் சொன்னால் பழைய பாதையிலேயே மறுபடி நடக்கிறீர்கள். தமிழ் முன்பக்கம், ஆங்கிலம் பின்பக்கம். இது மாறக் கூடாது. இரண்டாவது, மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது. வாய்விட்டுச் சொல்லாத அட்டை சரியானதாகக் கணக்கில் சேராது. நாக்குக்கும் உதட்டுக்கும் பயிற்சி தனியாக வேண்டும். மூன்று நொடிக்குள் வாயிலிருந்து வரவில்லையென்றால், விடை தெரிந்திருந்தாலும் அது முதல் பெட்டிக்குத்தான்.

தமிழ் வாக்கியத்தின் வால், ஆங்கிலத்தின் தலை

"மனசுக்குள்ள தமிழ்ல யோசிச்சு மொழிபெயர்க்காதே, நேரா ஆங்கிலத்துல யோசி" என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. தொடக்கத்தில் இருப்பவருக்கு இது முடியாத காரியம். தமிழில்தான் எண்ணம் வரும், வரட்டும். எந்த முனையிலிருந்து பிடிப்பது என்பதுதான் கேள்வி.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "நாளைக்கு வர முடியாதுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்." ஆங்கிலத்தில்: "ஐ டோல்ட் ஹெர் ஐ கான்ட் கம் டுமாரோ." தமிழில் கடைசியில் நிற்கிற "சொல்லிட்டேன்" ஆங்கிலத்தில் முதலில் வருகிறது. அடுத்து "அவங்ககிட்ட", அதற்கடுத்து "முடியாது", "வர", கடைசியாக "நாளைக்கு". அப்படியே பின்னோக்கி நடந்தது போல. திணறுகிறவர் "டுமாரோ..." என்று தொடங்குகிறார், ஏனென்றால் தமிழில் அதுதான் முதல் சொல். "டுமாரோ"வில் தொடங்குவது தப்பில்லை. ஆனால் அங்கிருந்து "சொல்லிட்டேன்" வரை போக வழி தெரியாமல் நடுவில் நின்றுவிடுகிறார்.

ஆகவே வாலைப் பிடியுங்கள். தமிழ் வாக்கியத்தின் கடைசி வினையில் யார், என்ன செய்தார், எப்போது என்ற மூன்றும் ஒட்டியே இருக்கும். "சொல்லிட்டேன்": ஐ டோல்ட். "கேட்டாங்க": தே ஆஸ்க்ட். "நினைக்கிறேன்": ஐ திங்க். "அனுப்பப் போறோம்": வி ஆர் கோயிங் டு சென்ட். உங்கள் முப்பது வாக்கியத்தையும் எடுத்து, முதல் வாரம் வாலை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். முழு வாக்கியம் வேண்டாம். தலை விழுந்துவிட்டால் உடம்பு பின்னாலேயே வரும்.

இதற்கு ஒரே ஒரு பெரிய விலக்கு, "எனக்கு" வாக்கியங்கள். எனக்குத் தெரியல, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், எனக்கு ஞாபகம் இல்ல, எனக்குப் புரியுது. இந்த வினைகளின் வாலில் "நான்" ஒட்டியிருக்காது. இங்கே "எனக்கு" என்பதே "ஐ" ஆகும்: ஐ டோன்ட் நோ, ஐ லைக் இட், ஐ நீட் இட், ஐ டோன்ட் ரிமெம்பர், ஐ அண்டர்ஸ்டாண்ட். இந்த ஐந்தையும் முதல் நாளே மனதில் போட்டுக்கொண்டால் "டு மீ", "ஃபார் மீ" என்று தொடங்கித் தவிப்பது நின்றுபோகும்.

காலங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சாதாரண நிகழ்காலம், சாதாரண இறந்தகாலம், "கோயிங் டு", "வில்" இவற்றோடு "ஹேவ்" சேர்ந்த ஒரு வடிவம் இருந்தால் அன்றாடப் பேச்சு ஓடும். ஒரே ஒரு எச்சரிக்கை: நேற்று, போன வாரம் என்று நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் "ஹேவ்" வரக் கூடாது. "ஐ ஹேவ் சென்ட் இட்" சரி. "ஐ சென்ட் இட் எஸ்டர்டே" சரி. இரண்டையும் கலந்தால் தப்பு.

தமிழ் கொண்டுவந்து விடும் சில பள்ளங்கள்

எதிர்மறைக் கேள்வியில் கவனம் வேண்டும். "நீங்க வரலையா?" என்று கேட்டால் தமிழில் "ஆமா, வரல" என்கிறோம், கேட்டவர் சொன்னதை ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் "ஆர்ன்ட் யூ கமிங்?" என்று கேட்டால், வரவில்லை என்பதற்கு விடை "நோ". "யெஸ்" என்றால் நீங்கள் வருவதாக எழுதிக்கொள்வார்கள். இதனால் உண்மையாகவே ஏற்பாடுகள் குழம்பிப் போகும். பாதுகாப்பான வழி, ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் "நோ, ஐம் நாட் கமிங்" என்று முழுதாகச் சொல்வது. "வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?" என்ற கேள்வியும் இதே ரகம். காத்திருப்பதில் உங்களுக்குச் சிரமம் உண்டா என்பது அதன் பொருள். "யெஸ்" என்றால் மறுத்ததாகிவிடும். சம்மதம் என்றால் "நாட் அட் ஆல்".

"தான்", "ஏ" இரண்டும் தமிழில் அழுத்தம் தரும் ஒட்டுகள். அவற்றுக்கு ஈடாக "ஒன்லி"யைக் கொண்டுவந்து வைக்கிறோம்: "ஹி ஒன்லி டோல்ட் மீ." கேட்பவருக்கு, அவர் என்னிடம் மட்டும் சொன்னார் என்றோ, சொல்ல மட்டும் செய்தார் என்றோ படும். ஆங்கிலம் இந்த வேலையைக் குரலிலேயே செய்கிறது. "ஹி டோல்ட் மீ" என்பதில் "ஹி"யை உயர்த்திச் சொன்னால் "அவர்தான் சொன்னார்". "டோல்ட்"டை உயர்த்தினால் "சொல்லத்தான் செய்தார்". "மீ"யை உயர்த்தினால் "என்கிட்டதான் சொன்னார்". ஒரே மூன்று சொல்லை மூன்று விதமாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாக்கியத்தில் ஏற்ற இறக்கம் எதற்கு என்பது ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

மரியாதையும் இடம் மாறுகிறது. தமிழில் "சொல்லுங்க" என்பதில் "உங்க" ஒட்டிக்கொண்டதும் மரியாதை வந்துவிட்டது. ஆங்கில "யூ"வில் நீ, நீங்கள் வேறுபாடு இல்லை. மரியாதை வாக்கியத்தின் வடிவத்தில் இருக்கிறது. "ஃபைலை அனுப்புங்க" என்று பணிவாக நினைத்துக்கொண்டு "சென்ட் த ஃபைல்" என்றால் அது உத்தரவு. "ப்ளீஸ்" சேர்த்தாலும் உத்தரவின் வாடை முழுதாகப் போகாது. கேள்வியாக மாற்றுங்கள்: "குட் யூ சென்ட் மீ த ஃபைல்?" அதே போல "ஐ வான்ட்" என்பதற்குப் பதில் "ஐ உட் லைக்". இலக்கணப் பிழையை மன்னித்துவிடுவார்கள். தொனிப் பிழையைப் பிழை என்றே நினைக்காமல், இவர் குணமே இப்படி என்று எண்ணிவிடுவார்கள். ஆகவே இதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

"பை ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்குள். "டில் ஃப்ரைடே" என்றால் வெள்ளி வரை. "ஐ வில் ஃபினிஷ் டில் ஃப்ரைடே" என்று சொல்லிக் கெடு குழம்புவது அடிக்கடி நடக்கிறது. "டுடே மார்னிங்" அல்ல, "திஸ் மார்னிங்". "டிஸ்கஸ்" பின்னால் "அபவுட்" வராது. "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" அல்ல, "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்". இவற்றைப் படித்தால் போதாது. திருத்திய வடிவத்தை அட்டையாக்குங்கள்.

சொல் வராத நொடிக்கு ஒரு கைப்பிடி

பயம் என்று நாம் சொல்வதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. எதிரில் இருப்பவர் பேசுவது புரியாவிட்டால்? சொல் வராவிட்டால்? தப்பாகப் பேசிவிட்டால்? முதல் இரண்டுக்கும் வாக்கியத்திலேயே மருந்து உண்டு. தன்னம்பிக்கை என்று தனியாக ஒன்றை ஊற்றி வளர்க்க முடியாது. சிக்கினால் வெளியே வர வழி தெரியும் என்ற உறுதிதான் பேச்சில் நம்பிக்கையாகத் தெரிகிறது.

புரியாதபோது "வாட்?" என்று மட்டும் கேட்காதீர்கள், முரட்டுத்தனமாகக் கேட்கும். "சாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட். குட் யூ சே இட் எ லிட்டில் ஸ்லோவர்?" இதைவிடச் சிறந்தது, புரிந்த பாதியைத் திருப்பிச் சொல்லி, புரியாத இடத்தை மட்டும் கேட்பது: "யூ வான்ட் மீ டு சென்ட் வாட்?" அப்போது அவர் முழுதையும் அதே வேகத்தில் திரும்பச் சொல்லாமல் அந்த ஒரு சொல்லை மட்டும் தெளிவாகச் சொல்வார். பேச்சை முடிக்கும் முன் "ஸோ, ஐ ஷுட் சென்ட் இட் பை ஃப்ரைடே. இஸ் தட் ரைட்?" என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சொல் வராதபோது அந்தச் சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதைச் சுற்றிப் போங்கள். என்ன வகை, எதற்குப் பயன், எதைப் போல இருக்கும், எதற்கு எதிர்: இந்த நான்கில் ஒன்று கை கொடுக்கும். "ஸ்டேப்ளர்" வரவில்லையா? "த திங் யூ யூஸ் டு ஜாயின் பேப்பர்ஸ்." "ஸ்டிங்கி" வரவில்லையா? "ஹி டஸின்ட் லைக் டு ஸ்பெண்ட் மனி." "ஷாலோ" வரவில்லையா? "நாட் டீப்." பயிற்சிக்கு, இருக்கிற அறையில் கண்ணில் படும் ஐந்து பொருளை அவற்றின் பெயரைச் சொல்லாமல் ஆங்கிலத்தில் விளக்குங்கள். "த திங் யூ யூஸ் டு...", "இட்ஸ் எ கைண்ட் ஆஃப்...", "இட்ஸ் லைக் எ..., பட்..." என்ற மூன்று தொடக்கம் போதும். தினமும் இரண்டு நிமிடம். என்னைக் கேட்டால், எந்தப் பயிற்சியை விட்டாலும் இதை விடக் கூடாது என்பேன்.

நேரம் வாங்கவும் வாக்கியம் உண்டு. "லெட் மீ திங்க்", "ஹவ் டு ஐ சே திஸ்". மௌனமாக நின்றால் எதிரில் இருப்பவர் பேச்சை எடுத்துக்கொள்வார். இப்படி ஒன்றைச் சொன்னால் முறை உங்களிடமே இருக்கும்.

மூன்றாவது கேள்வி, தப்பாகிவிட்டால்? எல்லாத் தப்பும் ஒரே எடை இல்லை. "எ", "த" விட்டுப்போனால் பொருள் கெடுவது அரிது. தமிழில் இந்த ஆர்ட்டிகிள் வகையே இல்லாததால் அவை வர வருடக்கணக்கு ஆகும், ஆகட்டும். எண், நாள், நேரம், இல்லை என்கிற சொல், கேட்கும் தொனி இந்த ஐந்தில் தப்பினால்தான் காரியம் கெடும். திருத்தும் உழைப்பை அங்கே செலவழியுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் போய்த் திருத்தும் பழக்கத்தை விடுங்கள், "ஐ கோ... ஐ வென்ட்... ஐ ஹேவ் கான்" என்று மூன்று முறை மாற்றினால் கேட்பவர் வாக்கியத்தையே தொலைத்துவிடுவார்.

வாய்க்கு வேண்டிய வேலை

உச்சரிப்பில் எல்லாவற்றையும் சரி செய்ய வேண்டியதில்லை. தமிழ் வாய்க்குச் சில இடங்கள் மட்டும்.

சொல்லின் கடைசியில் "உ" சேர்ப்பது: புக்கு, கேட்டு, பஸ்ஸு. இதை நிறுத்த எளிய வழி, அடுத்த சொல்லோடு ஒட்டிச் சொல்வது. "பிக் இட் அப்" என்பதைப் "பிக்கிட்டப்" என்று ஒரே மூச்சில். மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய். பள்ளியில் படித்த அதே புணர்ச்சிதான். இதைப் பழகினால் இன்னொரு லாபமும் உண்டு: வேகமாகப் பேசுகிறவர்கள் சொல்வதும் காதில் பிரிந்து விழத் தொடங்கும்.

இறந்தகால "ஈடி"யைப் பலர் எல்லா இடத்திலும் "எட்" என்கிறார்கள்: ஹெல்ப்பெட், வாக்கெட். தனி அசையாக ஒலிப்பது, வினை "ட்" ஒலியில் முடியும்போது மட்டும்: வான்டிட், நீடிட். மற்றதெல்லாம் ஒட்டிக்கொள்ளும்: ஹெல்ப்ட், வாக்ட், கால்ட்.

அசை அழுத்தம் தமிழில் பொருளை மாற்றாது, ஆங்கிலத்தில் மாற்றும். "டெவலப்" சொல்லில் நடு அசை, "ஹோட்டெல்" சொல்லில் இரண்டாவது அசை உயர வேண்டும். முதல் அசையைத் தூக்கினால் சொல்லே வேறாகக் கேட்கும். புதுச் சொல்லை அட்டையில் எழுதும்போது அழுத்தம் விழும் அசைக்குக் கீழே கோடு போடுங்கள். "தர்ட்டீன்", "தர்ட்டி" குழப்பமும் இதுதான்: முன்னதில் கடைசி அசையை நீட்டி உயர்த்த வேண்டும், பின்னதில் முதல் அசையை. போனில் சந்தேகம் வந்தால் "ஒன் த்ரீ", "த்ரீ ஸீரோ" என்று இலக்கமாகச் சொல்லிவிடுங்கள்.

மேற்குத் திசையும் உள்பனியனும் தமிழ் எழுத்தில் ஒன்றேதான், "வெஸ்ட்". திசைக்கு உதட்டைக் குவித்துத் தொடங்க வேண்டும், பல் படக் கூடாது. பனியனுக்கு மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். கண்ணாடி முன் இரண்டு நிமிடம் பார்த்தால் வந்துவிடும்.

ஒரே பேச்சு, மூன்று முறை

சொற்கோவைகள் நூறு சேர்ந்ததும் அவற்றை ஓட விட வேண்டும். பால் நேஷன் என்ற நியூசிலாந்துப் பேராசிரியர் எழுதிப் பரவலாக்கிய 4/3/2 முறை இதற்கு ஏற்றது. ஒரே விஷயத்தை முதலில் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3 நிமிடம், மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில் பேச வேண்டும். விஷயம் மாறாததால் என்ன சொல்வது என்ற கவலை குறைந்து, வாக்கியம் தானாக வேகம் பிடிக்கும். தனியாகச் செய்கிறவர் போனின் ஒலிப்பதிவில் 2 நிமிடம், ஒன்றரை, 1 நிமிடம் என்று குறைத்துக்கொள்ளலாம்; தொடக்கத்திலேயே 4 நிமிடம் மலையாகத் தெரியும்.

விஷயம் எளியதாக இருக்கட்டும்: இன்று காலையில் செய்தது, வேலையில் இன்று மீதி இருப்பது, ஒரு கருவியை இயக்கும் விதம். எழுதி வைத்துப் படிக்காதீர்கள். படித்தால் அது வாசிப்புப் பயிற்சி. ஒவ்வொரு முறையும் விஷயத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் முறையின் பயனே போய்விடும். மூன்றும் முடிந்த பின் முதல் பதிவையும் மூன்றாவது பதிவையும் கேளுங்கள். சொந்தக் குரல் முதல் வாரம் அந்நியமாகத்தான் இருக்கும். எங்கே நின்றீர்கள் என்று மட்டும் பாருங்கள். மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அங்கே ஒரு சொற்கோவை இல்லை என்று பொருள். அதைத் தமிழில் நோட்டின் இடது பக்கம் எழுதுங்கள்.

முக்கியமான போன் அழைப்புக்கு முன் மூன்றே வாக்கியம் தயார் செய்தால் போதும்: நான் யார், எதற்காக அழைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். "ஹலோ, திஸ் இஸ்..." என்று தொடங்குங்கள், "மைசெல்ஃப்" வேண்டாம். "ஐ'ம் காலிங் அபவுட்...", பிறகு "குட் யூ டெல் மீ..." மூன்றையும் வாய்விட்டு மூன்று முறை சொல்லிவிட்டு எண்ணை அழுத்துங்கள். அதற்குப் பிறகு வருவதை முழுதாகத் தயார் செய்ய முடியாது. திருப்பிக் கேட்கும் வாக்கியங்களைத் தாளில் எழுதிக் கண்ணெதிரே வைத்திருங்கள். பேசி முடித்ததும் போனை ஓரமாக வைத்துவிட்டு, எந்த இடத்தில் தமிழ் வாக்கியம் மட்டும் மனதில் நின்றதோ, அதைச் சூடு ஆறுவதற்குள் நோட்டில் குறித்துவிடுங்கள். நாளைய ஐந்து அட்டைகளில் அது முதல் அட்டை.